கம்பஸ் பிள்ளைகளும் தலைமைத்துவமும்: வன்னியில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் கம்பஸ் பிள்ளைகளுக்கு நடக்கும் தலைமைத்துவ நிகழ்ச்சித்திட்டங்களுக்குச் சில வருசங்களாக வளவாளராகப் போய்வருகிறேன். மண்டபத்தில் "கேள்வி இருக்கா?" என்று கேட்டால் ஒருவரும் கை உயர்த்த மாட்டார்கள். தேத்தண்ணி நேரத்தில், பஸ் தரிப்பிடத்தில், இரவு வட்ஸ்அப்பில்தான் கேள்விகள் வரும். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். கேட்டவர்களின் வாய்மொழியிலேயே அவற்றை எழுதி, நான் சொல்லிவரும் பதில்களையும் சேர்த்திருக்கிறேன். பெற்றோரும் விரிவுரையாளர்களும் கேட்டவையும் இதில் உண்டு.

"தலைமைத்துவப் பயிற்சி எண்டா என்ன? ரெண்டு நாள் செயலமர்வுக்குப் போய் சேர்டிபிக்கேட் எடுக்கிறதோ?"

செயலமர்வு அதில் ஒரு சின்னத் துண்டு. ஒரு பிள்ளையிடம் உண்மையான பொறுப்பு ஒன்றைக் கொடுக்க வேண்டும். அதை அந்தப் பிள்ளையே செய்ய விட வேண்டும். முடிந்த பிறகு பக்கத்தில் இருந்து, எது சரிவந்தது, எது பிழைத்தது என்று கதைக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால்தான் அதைப் பயிற்சி என்று சொல்வேன். மூன்றாவதைத்தான் அநேகமான இடங்களில் விட்டுவிடுகிறார்கள்.

நானும் இதில் பிழை விட்டிருக்கிறேன். ஒரு கல்வி நிறுவனத்தில் இரண்டு நாள் செயலமர்வு நடத்தினேன். குழு விளையாட்டு, படம் எடுத்தல், சான்றிதழ் எல்லாம் இருந்தன. பிள்ளைகள் சந்தோசமாகத்தான் போனார்கள். நாலு மாதம் கழித்துப் போனபோது, அதே பிள்ளைகள் கூட்டம் வைக்க வந்து, மண்டபத் திறப்பை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் வாசலில் நின்றார்கள். செயலமர்வுக்குப் பிறகு ஒருவரும் அவர்களிடம் ஒரு வேலையும் ஒப்படைக்கவில்லை. ஒப்படைக்கச் சொல்லி நானும் கேட்டிருக்கவில்லை. இப்போது அழைப்பு வந்தால் என் முதல் கேள்வி, "பயிற்சி முடிய இந்தப் பிள்ளைகளுக்கு என்ன பொறுப்புக் கொடுப்பீர்கள்?" என்பதுதான்.

"நான் முதல் வருசம். எங்கட பக்கத்தில என்னென்ன இருக்கு? எங்க போய்ச் சேருறது?"

வன்னியில் இப்போது இடங்கள் குறைவில்லை. 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகம் பம்பைமடுவில் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழினுட்ப பீடங்களும் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கின்றன. வவுனியாவில் தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது.

கம்பசுக்குள்ளே பார்த்தால் மாணவர் ஒன்றியம், பாட ரீதியான மன்றங்கள், தமிழ் மன்றம், இந்து, கத்தோலிக்க, முஸ்லிம் மஜ்லிஸ் அமைப்புகள், ரொட்ராக்ட், லியோ போன்ற கழகங்கள், விளையாட்டு அணிகள், தொழில் வழிகாட்டல் பிரிவின் நிகழ்ச்சிகள் என்று பல உண்டு. எல்லாவற்றிலும் பெயர் கொடுக்காதீர்கள். முதல் வருசத்தில் ஒன்றே போதும். எந்த மன்றத்தில் புதுப் பிள்ளைக்கும் ஏதாவது வேலை கிடைக்கிறதோ அதைத் தெரிவு செய்யுங்கள். பெயர் பெரிய மன்றத்தில் மூன்று வருசம் கதிரை அடுக்குவதைவிட, பத்துப் பேர் இருக்கும் சின்ன மன்றத்தில் கூட்ட அறிக்கை எழுதுவது எவ்வளவோ மேல்.

"எனக்கு மேடையில ஏறினாலே கால் நடுங்கும். கதைக்கத் தெரியாத ஆளுக்கு இது சரிவருமோ?"

சரிவரும். மைக்கைப் பிடித்து முழங்குகிறவர்தான் தலைவர் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே பழகிவிட்டோம். நான் பார்த்த ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டாம் வருசம், முல்லைத்தீவுப் பக்கம், அதிர்ந்து கதைக்காத பிள்ளை. இரத்ததான முகாம் ஒன்றில் சாப்பாட்டுப் பொறுப்பு அவளுக்கு. முகாம் வெள்ளிக்கிழமையில் விழுந்திருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. அவள் மட்டும் முதல் நாளே பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சைவமா, மச்சமா என்று கேட்டு எழுதினாள். அரைவாசிக்கு மேல் சைவம். கடைக்கு அழைப்பெடுத்துப் பார்சல்களைப் பிரித்துக் கட்டச் சொல்லி, சைவப் பார்சலுக்குப் பச்சை நூல் சுற்றச் சொன்னாள். அன்றைக்கு ஒருவரும் பசியோடு இருக்கவில்லை. ஒரு பார்சலும் மிஞ்சவில்லை. மேடையில் அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. அடுத்த வருசம் அந்த மன்றமே அவளைச் செயலாளராக்கியது.

பேச்சும் பழகக்கூடியதுதான். டோஸ்ட்மாஸ்டர்ஸ் முறையில் கூட்டம் நடத்தும் கழகங்களில் ஆயத்தமில்லாமல் ஒன்று, இரண்டு நிமிடம் பேசும் பகுதி ஒன்று இருக்கும். ஒருவர் நேரம் பார்ப்பார், ஒருவர் "ம்", "வந்து" என்று இழுப்பதை எண்ணுவார், ஒருவர் குறைநிறை சொல்வார். இந்தப் பொறுப்புகள் கூட்டத்துக்குக் கூட்டம் ஆள் மாறும். உங்கள் கம்பசில் அப்படியொரு கழகம் இல்லையென்றால் ஹொஸ்டல் அறையில் ஆறு பேர் சேர்ந்து இதையே செய்யலாம். காசு ஒன்றும் தேவையில்லை.

"தலைமைத்துவப் பயிற்சி எண்ட உடன அம்மா பயப்பிடுறா. ஆமிக் காம்புக்குக் கொண்டுபோவினமோ எண்டு கேக்கிறா."

அம்மாவின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2011இல் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிள்ளைகளை மூன்று வாரம் இராணுவ முகாம்களில் தங்க வைத்து, "தலைமைத்துவப் பயிற்சி" என்ற பெயரிலேயே பயிற்சி கொடுத்தார்கள். போர் முடிந்து இரண்டு வருசமே ஆகியிருந்தது. போர் முடிவில் சனத்தை அடைத்து வைத்திருந்த செட்டிகுளம் முகாம்களில் இருந்து வந்த குடும்பங்களுக்கு அந்தச் சொல் எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நான் இங்கே சொல்வது அதுவல்ல. கம்பஸ் மன்றங்களிலும் பீடங்களிலும் நடப்பவை விருப்பத்தின் பேரில் சேர்பவை. அம்மாவிடம் வாயால் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். அழைப்புக் கடிதத்தைக் காட்டுங்கள். எங்கே, எத்தனை மணிக்கு, யார் பொறுப்பு என்று எழுதிக் கொடுங்கள். பொறுப்பான விரிவுரையாளரை ஒருமுறை அம்மாவோடு கதைக்கச் சொல்லுங்கள். இப்படி அழைப்பெடுத்துக் கதைப்பதைத் தொல்லையாக நினைக்கும் பொறுப்பாளர்களும் இருக்கிறார்கள். வன்னியில் அது அவர்களின் வேலையில் முதல் வேலை என்றுதான் நான் சொல்வேன்.

"இதுக்குள்ள இறங்கினா றிசல்ட் அடிபடாதோ?"

எல்லை போடாவிட்டால் அடிபடும். 80 வீத வரவைக் கேட்கும் பாடங்களை விட்டுவிட்டு மன்ற வேலைக்கு ஓடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். கிழமைக்கு நாலு மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சைக்கு முந்திய மாதம் ஒன்றும் வேண்டாம். அந்த மாதத்தில் நிகழ்ச்சி வைக்கும் மன்றத்துக்கு "இயலாது" என்று சொல்லப் பழகுவதும் பயிற்சிதான்.

"நான் வீட்டில இருந்து பஸ்ஸில வந்து போறனான். பொம்பிளைப் பிள்ளை. கூட்டமெல்லாம் ஆறு மணிக்குத்தான் வைக்கினம்."

பிழை உங்களிடம் இல்லை, கூட்டம் வைக்கிற நேரத்தில் இருக்கிறது. ஹொஸ்டலில் இருக்கும் ஆண் பிள்ளைகளுக்கு வசதியான நேரத்தைப் போட்டுவிட்டு, "பெண் பிள்ளைகள் வருகிறார்கள் இல்லை" என்று குறைப்படுவதை எத்தனையோ மன்றங்களில் கண்டிருக்கிறேன். மத்தியான இடைவேளையில் 40 நிமிடம் போதும். பேச வேண்டியதை முதல் நாளே குழுவில் அனுப்பிவிட்டால் அந்த நேரத்துக்குள் கூட்டம் முடியும். ஒருமுறை எழுத்தில் கேளுங்கள். உங்களைப்போல பஸ்ஸில் போகும் நாலைந்து பேரின் கையெழுத்தோடு கேட்டால் இன்னும் நல்லது.

"தலைவர் எப்பவும் பெடியன்தான். எங்களுக்குச் செயலாளர், இல்லாட்டி மங்கள விளக்குக்குப் பொறுப்பு. இது மாறுமோ?"

மாறும், ஆனால் தானாக மாறாது. உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு சட்டமான பிறகுதான், 2018 தேர்தலில் பிரதேச சபைகளுக்குள் பெண்கள் எண்ணிக்கையாகப் போனார்கள். அதுவரைக்கும் "பெண்கள் முன்வருவதில்லை" என்ற அதே கதைதான். உங்கள் மன்றத்தின் யாப்பை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு பக்கம்தான் இருக்கும். தலைவர் பதவி ஒரு வருசம் ஆணுக்கு, மறு வருசம் பெண்ணுக்கு என்று ஒரு வரி சேர்க்கப் பொதுக்கூட்டத்தில் பிரேரணை கொண்டுவரலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போருக்குப் பிறகு வன்னியில் எத்தனையோ வீடுகளை நடத்துவது பெண்கள் மட்டும்தான். வீட்டில் அம்மா கடனையும் வயலையும் பிள்ளைகளின் படிப்பையும் தனியே கொண்டுபோகிறதைப் பார்த்து வளர்ந்த பிள்ளையைக் கம்பசில் விளக்குக்குத் திரி போட விடுவதைப் பார்க்க எனக்குக் கோபம் வரும்.

"நிகழ்ச்சி செய்யக் காசு எங்கால வரும்? சேர்த்தாலும் பிறகு கணக்குச் சண்டைதான்."

முதலில் காசே தேவைப்படாத வேலை ஒன்றைச் செய்யுங்கள். இரத்ததான முகாம் நல்ல தொடக்கம். இரத்த வங்கி ஆட்கள் தங்கள் பொருட்களோடு வருவார்கள். 18 வயதுக்கு மேல், 50 கிலோவுக்குக் குறையாத, கடைசியாகக் கொடுத்து நாலு மாதம் கடந்த ஆட்களைச் சேர்ப்பதுதான் உங்கள் வேலை. மண்டபம், கதிரை, சாப்பாடு இவ்வளவும்தான் செலவு. காசு சேர்க்கத்தான் வேண்டுமென்றால் பழைய மாணவர்களிடமும் ஊர்க் கடைகளிடமும் போகலாம். ஆனால் பற்றுச்சீட்டுப் புத்தகம் இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது.

கணக்குக்கு வருவோம். மன்றங்களுக்கு விரிவுரையாளர் ஒருவர் பெரும்பொருளாளராக இருப்பார். அவரிடம் வருசக் கடைசியில் கையெழுத்துக்கு மட்டும் ஓடாமல், மாதம் ஒருமுறை காசேட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். காசு ஒருவரிடம், பற்றுச்சீட்டு இன்னொருவரிடம் இருக்கட்டும். நிகழ்ச்சி முடிந்து ஏழு நாளுக்குள் வரவு செலவை ஒரே பக்கத்தில் எழுதி அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். 350 ரூபாய்க்குப் பற்றுச்சீட்டு இல்லையென்றால், "இல்லை" என்றே அதில் எழுதுங்கள். ஒரு பொருளாளர் அப்படி எழுதி ஒட்டியதைப் பார்த்தேன். அடுத்த நிகழ்ச்சிக்குக் காசு கேட்டுப் போனபோது ஒரு கடைக்காரரும் அவரைச் சந்தேகப்படவில்லை.

"சீனியர்மார் சொல்லுகினம், பகிடிவதை வாங்கினாத்தான் ஆளுமை வளருமாம். உண்மையோ?"

பொய். அது குற்றமும்கூட. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதைக்கு இரண்டு வருசம் வரை கடூழியச் சிறை உண்டு. பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ நேர்ந்தால் பத்து வருசம் வரை. யாராவது செய்தால் மாணவர் ஆலோசகரிடம் சொல்லுங்கள். ஆபத்தென்றால் நேரே பொலிசுக்குப் போங்கள். தனியே போகப் பயமென்றால் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

"எங்களுக்கும் செய்தார்கள், நாங்கள் நன்றாகத்தானே இருக்கிறோம்" என்று சொல்லும் சீனியர்களோடு நிறையக் கதைத்திருக்கிறேன். அவர்களில் அநேகர் கெட்டவர்கள் இல்லை. புதுப் பட்ச் தங்களை மதிக்காமல் போய்விடுமோ என்ற பயம்தான். அவர்களிடம் நான் சொல்வது: முதல் கிழமையில் புதுப் பிள்ளைக்கு எந்த வங்கியில் கணக்குத் திறப்பது, மகாபொல புலமைப்பரிசில் விண்ணப்பத்தை எங்கே கொடுப்பது, எந்தக் கடையில் மலிவாகச் சாப்பிடலாம் என்று ஒன்றும் தெரியாது. ஒரு சீனியருக்கு மூன்று புதுப் பிள்ளைகள் என்று பிரித்துக்கொண்டு இவற்றைக் காட்டிக் கொடுங்கள். நாலாம் வருசம் வரைக்கும் "அண்ணா", "அக்கா" என்று தேடி வருவார்கள். இங்கே படிக்க வரும் பிள்ளைகளில், சின்ன வயதில் பங்கருக்குள் இருந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். காணாமல் போன அப்பாவின் படத்தோடு வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளையை வரிசையில் நிற்க வைத்துக் கத்துவதில் என்ன ஆளுமை வளரப் போகிறது?

"குழு அமைச்சு ரெண்டு மாசத்தில எல்லாரும் சண்டை. கலைச்சுப்போட்டுத் திரும்பத் தொடங்கவோ?"

கலைக்காதீர்கள். அமெரிக்க உளவியலாளர் புரூஸ் டக்மன் 1965இல் சொன்ன ஒரு விசயம் இங்கே பொருந்தும். ஒரு குழு முதலில் மரியாதையாகக் கூடும், பிறகு முட்டிக்கொள்ளும், பிறகு தனக்கென்று ஒழுங்கு ஒன்றைக் கண்டுபிடிக்கும், அதன்பிறகுதான் வேலை ஓடும். நீங்கள் இரண்டாம் கட்டத்தில் நிற்கிறீர்கள்.

சண்டைகளில் பெரும்பங்கு "நான் செய்வேன் என்று நீ நினைத்தாய், நீ செய்வாய் என்று நான் நினைத்தேன்" என்பதில் தொடங்குகிறது. ஒரு தாளில் வேலை, ஆள், நாள் என்று மூன்று கோடு கீறி எழுதுங்கள். ஒரு வேலைக்கு நேரே ஒரு பெயர்தான் இருக்க வேண்டும். "குழு" என்றோ "எல்லோரும்" என்றோ எழுதினால் அந்த வேலை நடக்காது.

"எங்கட பட்ச்சில சிங்களப் பிள்ளையளும் இருக்கினம். கூட்டத்தை எந்த மொழியில வைக்கிறது? இங்கிலிசில வைச்சா ஒருத்தரும் வாய் திறக்கினம் இல்லை."

இது கஷ்டமான கேள்வி. வவுனியாவில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் ஒரே விரிவுரை மண்டபத்தில் இருக்கிறார்கள். சாப்பிடும் நேரத்தில் வேறு வேறு மேசைகளுக்குப் போய்விடுகிறார்கள். எனக்குச் சரிவந்த வழி இது: அவரவர் தங்கள் மொழியில் கதைக்கட்டும், இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் துண்டு துண்டாகச் சொல்லிக் கொடுக்கட்டும், தீர்மானத்தை மட்டும் ஆங்கிலத்திலும் பலகையில் எழுதுங்கள். நேரம் இரட்டிப்பாகும். ஆனால் வாய் திறப்பார்கள். மொழிபெயர்க்கும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பயிற்சி கிடைக்காது; இரண்டு பக்கத்தின் கோபத்தையும் வார்த்தை மாற்றாமல் கடத்த வேண்டுமே.

மே மாதம் வரும்போது மனங்கள் இறுகும். முள்ளிவாய்க்காலை நினைவுகூரும் பிள்ளையிடம் "இதெல்லாம் வேண்டாம், ஒற்றுமை முக்கியம்" என்று சொல்லாதீர்கள். அந்த நாள் தங்களுக்கு என்ன என்று தமிழ்ப் பிள்ளைகள் சொல்லட்டும், மற்றவர்கள் கேட்கட்டும். ஒருவர் மனந்திறந்து கேட்டாலும் நல்லது.

"கிராமத்துக்குச் சேவைக்குப் போனா சனம் சலிக்குது. 'எத்தினை பேர் வந்து எழுதிக்கொண்டு போட்டினம்' எண்டு கேக்கினம்."

சனம் சொல்வது சரி. 2009க்குப் பிறகு வன்னிக்கு வந்த படிவங்களுக்குக் கணக்கில்லை. ஒரே அம்மா எத்தனையோ முறை இடம்பெயர்ந்த கதையை எத்தனையோ பேருக்குச் சொல்லிவிட்டார். ஆகவே முதல் முறை படிவத்தோடு போகாதீர்கள். கிராம சேவையாளரையும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தையும் சந்தித்து, அவர்கள் ஏற்கனவே செய்துகொண்டிருக்கும் வேலையில் எதற்குக் கை வேண்டும் என்று கேளுங்கள். பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்க ஆள் தேவை என்றால் அதைச் செய்யுங்கள். எத்தனை கிழமை வருவோம் என்று சொல்லிவிட்டு, அத்தனை கிழமையும் போங்கள். தகவல் எடுத்திருந்தால் முடிவைக் கொண்டுபோய் அவர்களுக்கே முதலில் வாசித்துக் காட்டுங்கள்.

போகும் இடத்தில் கற்றுக்கொண்டும் வாருங்கள். கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின்கீழ் சிறுபோகத்துக்கு எவ்வளவு ஏக்கர், எப்போது தண்ணி என்று தீர்மானிக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தை ஒருமுறை ஓரமாக இருந்து பாருங்கள். குளத்தில் தண்ணி குறைவு, எல்லோருக்கும் வயல் இருக்கிறது, எல்லோருக்கும் கோபம் இருக்கிறது. ஆனாலும் கூட்டம் ஒரு முடிவோடுதான் எழும்பும். வயல்களுக்குத் தண்ணி பங்கிடும் வட்டவிதானைக்குச் சனம் கொடுக்கும் மரியாதையையும் கவனியுங்கள். கடைசி வாய்க்கால்காரனுக்கும் தண்ணி போனதா என்று இரவில் ரோச்லைட்டோடு வரம்பில் நடப்பவருக்குக் கிடைக்கும் மரியாதை அது. ஒரு செயலமர்விலும் என்னால் இதைக் காட்ட முடியாது.

"நான் புதுசா வந்த விரிவுரையாளர். பிள்ளையளிட்டப் பொறுப்பைக் குடுத்துப் பிழைச்சுப்போனா எனக்குத்தானே பேச்சு விழும்?"

விழும். ஆகவே பிழைத்தாலும் தாங்கக்கூடிய அளவில் தொடங்குங்கள்: 30 பேருக்கான நிகழ்ச்சி, சின்னக் காசு, பீடத்துக்குள்ளேயே இடம். பாதுகாப்பு, பணம், அனுமதி இந்த மூன்றையும் நீங்கள் பாருங்கள்; மற்றதில் கை வைக்காதீர்கள். பதாகையில் எழுத்துப் பிழை வந்தாலும், அதைக் கண்டு திருத்த வேண்டியவர்கள் அவர்கள்தான்.

நிகழ்ச்சி முடிந்த அடுத்த நாள் அரை மணித்தியாலம் ஒதுக்கி, முதல் பதிலில் சொன்ன அந்த மூன்றாவது வேலையைச் செய்யுங்கள். "ஏன் பிந்தியது?" என்று தொடங்கினால் பிள்ளைகள் காரணம் சொல்லத் தொடங்குவார்கள். "காலையில் என்ன நடந்தது, வரிசையாகச் சொல்லுங்கள்" என்று கேட்டால் பிழையைத் தாங்களே கண்டுபிடிப்பார்கள்.

"இவ்வளவும் பழக்கிவிட, பிள்ளை கனடாவுக்கோ கொழும்புக்கோ போகுது. பிறகு வன்னிக்கு என்ன மிச்சம்?"

ஒரு தகப்பன் கேட்டது. உடனே பதில் சொல்ல முடியவில்லை. போகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வீட்டுக் கடனும் தங்கச்சியின் படிப்பும் அவர்கள் தலையில்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பட்ச் போகும்போது அதன் அனுபவமும் சேர்ந்து போவதைத் தடுக்கலாம். பதவி மாறும் நாளில் மாலை போட்டுப் படம் எடுப்பதோடு நிற்காமல், பழைய குழுவும் புதுக் குழுவும் ஒரு பின்னேரம் முழுக்க இருந்து கோப்பைப் பக்கம் பக்கமாகக் கைமாற்ற வேண்டும்.

மேலே சொன்ன அந்த இரண்டாம் வருசப் பிள்ளை இப்போது இங்கே இல்லை. அவள் எழுதிவைத்த இரத்ததான முகாம் கோப்பு மூன்றாவது பட்ச்சின் கையில் இருக்கிறது. முதல் பக்கத்தில் இரத்த வங்கிக்குக் கொடுக்கும் கடிதத்தின் மாதிரி. இரண்டாம் பக்கத்தில் மண்டபத் திறப்பு யாரிடம் இருக்கும், எத்தனை நாள் முந்திக் கேட்க வேண்டும் என்ற விபரம். அதற்குக் கீழே சாப்பாட்டுக் கடை அண்ணையின் இலக்கமும், "வெள்ளி என்றால் பெயர் பெயராகக் கேட்கவும், சைவத்துக்குப் பச்சை நூல்" என்ற அவளுடைய கையெழுத்தும்.